சூரைச்செடியின் அடியில் கிடைத்த அப்பம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன். நான் குருவாகி மூன்றாம் ஆண்டு. ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். “சாமி, இவளுக்குக் குழந்தை பொறந்து நாலு மாசம் ஆச்சு. பிள்ளையைத் தூக்கவே மாட்டேங்கிறா. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா. செபம் சொல்லக்கூட முடியலங்கிறா” என்றார். நான் அதிகம் யோசிக்கவில்லை. “நம்பிக்கை குறைந்தால் இப்படித்தான் ஆகும். தினமும் செபமாலை சொல்லச் சொல்லுங்கள்” என்றேன். தலையில் கை வைத்து செபித்து அனுப்பிவிட்டேன். குழந்தையைத் தூக்க முடியவில்லையே என்று ஏற்கெனவே உள்ளுக்குள் நொறுங்கியிருந்த பெண்ணின் தோளில், கடவுளுக்கும் ஆகாதவள் என்ற பாரத்தையும் ஏற்றி அனுப்பினேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து என் முறை வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். சாப்பாடு ருசிக்காது. திருவிழா நடந்தாலும் மகிழ்ச்சி இல்லை, அடக்கப் பூசை வைத்தாலும் கண்ணீர் இல்லை. ஒருநாள் திருப்பலி அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் வந்து, “சாமி, மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சு” என்றார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் செபமாலையை விட்டவன் அல்ல. சொல்லிக்கொண்டேதான் இருந்தேன், வார்த்தைகள் உதட்டோடு நின்றன.

கடைசியில் மருத்துவரிடம் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பேருந்து ஏறி, யாருக்கும் என்னைத் தெரியாத ஊருக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டபோது “வாத்தியார்” என்றேன். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு ஒளித்து வைத்தேன். நோயைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

அந்த நாள்களில் எங்கள் பங்கு இல்லத்தில் சமைத்த அம்மா எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரவில் கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் கஞ்சியை மேசைமேல் வைத்து, “ரெண்டு வாய் குடிச்சிட்டுப் படுங்க சாமி” என்பார். அவ்வளவுதான். மறுநாளும் வருவார்.

அன்பர்களே, அதன்பிறகுதான் அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. கர்மேல் மலையில் பாகாலின் வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்றவர் எலியா. அவரே அடுத்த அதிகாரத்தில், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். எலியாவுக்கா நம்பிக்கை குறைவு? ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கோபமில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்புகிறார். அந்த உணவின் வலிமையில்தான் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது, மலையில் கேட்ட மெல்லிய ஒலியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். அப்பத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டேன்.

மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையும் சூரைச்செடியின் அடியில் வைக்கப்பட்ட அப்பம்தான். அது செபத்துக்கு எதிரி அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் தெளிவு வந்ததும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். “எனக்கு செபம் வரவில்லையே” என்று வருந்துகிறவர்கள் திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கைச் சொல்லில் முடியும். இது இருளிலேயே முடிகிறது. இருந்தும் திருச்சபை அதை நீக்கவில்லை. திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமைதோறும் இரவு செபத்தில் அதைத்தான் வைத்திருக்கிறது. இருளில் இருந்துகொண்டு “ஆண்டவரே” என்று கூப்பிடுவதும் செபமே.

குழந்தை இயேசுவின் புனித தெரசாவை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய தந்தை லூயி மார்ட்டின் 1889இல் பிரான்சின் கான் நகரில் மனநோயாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரார் பேசினார்கள். அந்தத் தந்தையை, அவர் மனைவி செலியோடு சேர்த்து, 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். மனநோயாளர் மருத்துவமனையின் வாசல் விண்ணக வாசலை அடைத்துவிடவில்லை.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான மனநோயும் வேதனையும் அச்செயலுக்கான பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2282, 2283ஆம் எண்களில் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். யாரும் தடுக்க முடியாது.

நான் குணமடைந்த பிறகு, முதலில் சொன்ன அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். கிராமச் செவிலியர் ஒருவர் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்; பிழைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: “நீங்க அன்னைக்கு அம்மாவைப் பாத்துத்தான் பேசுனீங்க சாமி. என்னைப் பாக்கவே இல்ல.”

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில், தூக்கமும் பசியும் சிரிப்பும் இரண்டு வாரமாக இல்லாமல் ஒருவர் இருந்தால், முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். “சாக வேண்டும்போல் இருக்கிறதா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே சூரைச்செடியின் அடியில் இருந்தால், இன்று பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஒருவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாய் சாப்பிடுங்கள். தூதர் மறுபடியும் வருவார்.

செபிப்போம். எலியாவுக்கு அப்பம் அனுப்பிய ஆண்டவரே, இருளில் இருக்கும் உம் பிள்ளைகளைத் தொட்டு எழுப்பும். அவர்கள் கதவைத் தட்டும் கைகளாக எங்களை அனுப்பும். ஆமென்.