வாயு மாறினால் பாகையும் மாறும்: எரிவாயு எஞ்சினில் தீப்பொறி நேரம்

தொழிற்சாலை எரிவாயு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் எப்போது பொறிவிட வேண்டும் என்பதைப் பாகைக் கணக்கில் சொல்வது வழக்கம். பிஸ்டன் மேல் எல்லையை எட்டும் நிலைக்குப் பட்டறையில் டி.டி.சி. என்று பெயர். அதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறி விழுகிறது என்பதே டைமிங். வாயு-காற்றுக் கலவை பற்றிய கணத்திலேயே முழுதும் எரிந்து முடிவதில்லை. தீ பரவச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை முன்கூட்டியே கொடுப்பதுதான் அட்வான்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் நான்கு துருவ ஜெனரேட்டரோடு பூட்டிய எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 9000 பாகை சுழல்கிறது. 20 பாகை அட்வான்ஸ் என்றால் தீக்குக் கிடைக்கும் அவகாசம் 2.2 மில்லி நொடிதான். டி.டி.சி. கடந்து ஏறத்தாழ 10 முதல் 15 பாகைக்குள் அழுத்தம் உச்சம் தொட்டால் அது நல்ல வேலையாகிறது. முந்தினால் மேலேறும் பிஸ்டனையே எதிர்த்து அழுத்தும், தட்டல் (நாக்) கிளம்பும். பிந்தினால் வெப்பம் புகைக்குழாய் வழியே போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

திட்டக்குடியில் கூடும் ஒரு கருத்தரங்குக்கு இந்தப் பொருள் ஏன் என்றால், வெள்ளாறுதான் காரணம். சேலம் மாவட்டத்திலிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாகும் வெள்ளாறு, தொழுதூர் அணைக்கட்டைத் தாண்டி இவ்வூரைத் தொட்டு ஓடுகிறது. வசிஷ்ட நதி பாயும் ஆத்தூர்ப் பகுதி மரவள்ளிக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் பேர்போனது. மாவுச்சத்து கலந்த கழிவுநீரை ஆற்றில் விட்டால் ஆறு கெடும். அதையே மூடிய கலனில் புளிக்கவைத்தால் பயோகேஸ் கிடைக்கும், அதில் எஞ்சின் ஓடும். சேலம் வட்டார ஆலைகள் பல இவ்வாறு மின்சாரம் எடுக்கின்றன. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆற்றின் மேல்பகுதியில் எஞ்சின் ஒழுங்காக ஓடுவதில் கீழ்ப்பகுதிக்கும் அக்கறை இருக்கத்தானே வேண்டும்.

எஞ்சினோடு வரும் தகட்டில் ஒரு பாகை எண் அச்சிட்டிருக்கும். அதை எஞ்சினின் குணம் என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர். அந்த எண் ஒரு குறிப்பிட்ட வாயுவுக்கு உரியது. பயோகேஸில் மீத்தேன் பொதுவாக 55 முதல் 65 விழுக்காடு. மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. கரியமில வாயு எரிவதில்லை, வெப்பத்தை உறிஞ்சித் தீயின் நடையையும் தளர்த்துகிறது. ஆகவே இயற்கை எரிவாயுவில் ஓடிய எஞ்சினை பயோகேஸுக்கு மாற்றினால் சில பாகை கூடுதல் அட்வான்ஸ் வேண்டும். அப்படிக் கூட்டவும் இடமிருக்கிறது, ஏனெனில் அதே கரியமில வாயு தட்டலைத் தடுக்கிறது. காவிரிப் படுகை எரிவாயுவில் மீத்தேனோடு ஈத்தேனும் புரொப்பேனும் சேர்ந்துவரும். அவை தட்டலுக்கு எளிதில் இடம்கொடுப்பவை. விறகிலிருந்தும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் எடுக்கும் புரொட்யூசர் கேஸின் கதை வேறு. அதிலுள்ள ஹைட்ரஜன் விரைந்து எரியும், எனவே பொறி தாமதமாக விழலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 17:1 அமுக்க விகிதத்தில் அந்த வாயுவைத் தட்டலின்றி எரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அளவீட்டில் முதல் வேலை உண்மையான டி.டி.சி.யைக் காண்பது. டீசல் எஞ்சினைத் திருத்தி, இன்ஜெக்டர் இருந்த துளையில் பிளக் பொருத்திய இயந்திரங்களில் ஃப்ளைவீல் குறியை நம்ப முடியாது. மேல் எல்லையருகே சில பாகை வரை பிஸ்டன் அசைவதே தெரியாது என்பதால் கண்ணால் பார்த்துக் குறிப்பதிலும் பயனில்லை. பிளக் துளை வழியே ஒரு தடைக்கம்பியைத் திருகி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு திசையில் பிஸ்டன் முட்டும் வரை திருப்பிக் கோடு போட வேண்டும். மறுதிசையில் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியே டி.டி.சி. 720 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீலில் ஒரு பாகை 6.3 மி.மீ. நீளம், தடித்த சாக்குக்கட்டிக் கோடே அரைப் பாகையை விழுங்கிவிடும். ஊசிமுனையால் கீறுவது நல்லது.

பிறகு டைமிங் லைட். முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் கவ்வியை மாட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குறி ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால் சென்சார் இடைவெளியிலோ கேம் பற்சக்கரத்தின் தளர்விலோ பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பாகையைத் தொடுவது வீண் வேலை. சுற்றுக்கு ஒரு முறை பொறிவிடும் இக்னிஷன்களில் டயல் உள்ள லைட் பாகையை இரட்டிப்பாகக் காட்டலாம்; அங்கே டயலைச் சுழியில் வைத்து ஃப்ளைவீல் கோட்டை மட்டும் வாசிப்பதே பாதுகாப்பு.

எஞ்சின் சூடேறியபின், மின்சுமையை ஒரே அளவில் நிறுத்தி, இரண்டிரண்டு பாகையாக அட்வான்ஸைக் கூட்டி ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் வாயுவைக் குறிக்க வேண்டும். மீட்டர் காட்டும் கனமீட்டரில் கரியமில வாயுவும் அடக்கம் என்பதால், மீத்தேன் விழுக்காட்டை அப்போதே அளந்து, மீத்தேன் செலவாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. செலவு முதலில் குறையும், பிறகு சமதளமாகும். அந்தச் சமதளத்தில் மிகக் குறைந்த அட்வான்ஸ் உள்ள முனையே சரியான இடம். அதற்கு மேலே போனால் ஆதாயம் இல்லை, சிலிண்டர் அழுத்தமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான் கூடும். அங்கிருந்து ஓரிரு பாகை பின்வாங்கி நிறுத்துவது கோடைக்கு உதவும். சித்திரை மதியத்தில் உள்ளிழுக்கும் காற்றின் சூடே தட்டலைத் தூண்டும். அதனால் கடைசிச் சோதனையை முழுச் சுமையில், வெயில் ஏறிய நேரத்தில் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் அறை இரைச்சலில் காதை நம்பித் தட்டலைப் பிடிக்க முடியாது. நாக் சென்சார் தேவை. ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெப்பத்தையும் தனித்தனியே குறித்தால், பிந்திப் பொறியும் சிலிண்டர் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இப்படி நிறுத்திய பாகையும் நிலையானதல்ல. மரவள்ளி வரத்துக் குறையும் மாதங்களில் கலனுக்குப் போகும் கழிவு மாறும், மீத்தேன் அளவும் மாறும். ஹைட்ரஜன் சல்ஃபைடை வடிகட்டாமல் விட்டால் எண்ணெய் அமிலமாகும், பிளக் முனை அரிபடும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் பொறி தவறத் தொடங்கும். அதை டைமிங் பிழை என்று எண்ணிப் பாகையைத் திருகுபவர் உண்டு. பிளக் மாற்றும்போதும், வாயுவின் மீத்தேன் அளவு சில விழுக்காடு நகரும்போதும் மறுபடி அளப்பது முறை. இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் கட்டுரைகள் பாகையைக் குறிப்பிடும் இடமெல்லாம் அப்போதைய மீத்தேன் விழுக்காடு, சுமை, உள்ளிழுத்த காற்றின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே தருவது அவசியம். இல்லையேல் ஓர் ஆலையின் எண்ணை இன்னொரு ஆலை பயன்படுத்த வழியில்லை.