பிள்ளை முதுகு வலிக்குது என்று சொன்னால்

(கல்முனைப் பகுதியில் கடைகளிலும் நெசவிலும் தொழில் பார்க்க வந்து தங்கியிருக்கும் தோட்டக் குடும்பங்களும், அப்பகுதித் தாய்மாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் எமது சேமநல உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை. மலையகத்தில் இருக்கும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)

  

காசநோய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இருமலும் சளியும்தான். ஆனால் அந்தக் கிருமி நெஞ்சோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து எலும்புக்கும் போகும். எலும்புகளில் அது அதிகமாகப் பிடிப்பது முள்ளந்தண்டைத்தான். 1779ஆம் ஆண்டிலேயே லண்டனில் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இந்த நோயைப் பற்றி எழுதினார். ஆகவே இது புதிய நோய் அல்ல. மருந்து இல்லாத நோயும் அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கூன் விழுந்து போவது ஏன்? நோயைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ளே மாதக் கணக்கு ஓடிவிடுவதால்தான்.

எங்கள் தோட்டப் பக்கம் எட்டு வயதுப் பையன் ஒருவன். முதுகு வலிக்குது என்றான். கொய்யா மரத்தில் இருந்து விழுந்திருப்பான் என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள், சுளுக்கு எடுத்தார்கள். நாலு மாதம் போனது. ஒரு நாள் காலை இழுத்து நடந்தான். அப்புறம்தான் எக்ஸ்ரே. மருந்தால் நோய் குணமானது, இன்று நன்றாக நடக்கிறான். ஆனால் முதுகில் விழுந்த கூன் நிமிரவில்லை.

ஆகவே தாய்மார் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, குனிகிற விதம். கீழே விழுந்த பென்சிலை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். நல்ல பிள்ளை இடுப்பை வளைத்து எடுக்கும். இந்த நோய் உள்ள பிள்ளை முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குந்தி எடுக்கும். தொழுகிற பிள்ளையானால் ருகூவுக்குக் குனியும்போது தெரியும். நேற்றுவரை சரியாகக் குனிந்த பிள்ளை இன்று பாதியில் நின்றால், சோம்பல் என்று ஏசாதீர்கள்.

இரண்டாவது, ராத்திரி அழுகை. விழித்திருக்கும்போது தசைகள் இறுகி முள்ளந்தண்டைப் பிடித்து வைத்திருக்கும். தூக்கத்தில் அவை தளரும்போது வலி குத்தும். பிள்ளை அலறி எழும்பும். கனவு கண்டு பயந்தது என்று நாம் நினைத்துவிடுவோம்.

மூன்றாவது, அந்தி நேரக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, சாப்பாட்டில் மனமின்மை, நிறை குறைவது. இவை எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று இல்லை.

நாலாவது, முதுகின் நடுக்கோட்டில் விரலை வைத்துத் தடவும்போது ஒரு இடத்தில் முட்டு போலத் தட்டுப்படுவது. இடுப்புப் பக்கத்திலோ தொடை இடுக்கிலோ சூடும் சிவப்பும் இல்லாத கட்டி வருவதும் உண்டு.

கால் தடுக்கி விழுவது, நடை தளர்வது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இவை வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நரம்பு நசிபடுகிறது என்று அர்த்தம்.

பிள்ளைக்கு முதுகு வலி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சுளுக்கு என்று வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஓதிப் பார்ப்பதையோ நேர்த்தி வைப்பதையோ நாங்கள் தடுக்க வரவில்லை. முதுகை அமுக்கி உருவ வேண்டாம் என்றுதான் கேட்கிறோம். அரித்துப்போன எலும்பு அமுக்கினால் நொறுங்கும்.

டாக்டரிடம் போனால் ஒரு விஷயத்தைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: வீட்டில், லயத்தில், பக்கத்து அறையில் நாள்பட்ட இருமல்காரர் யாராவது உண்டா? பிள்ளைக்குக் கிருமி வருவது பெரும்பாலும் பெரியவர்களிடம் இருந்துதான். டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார், இரத்தம் பார்ப்பார். கையில் ஒரு ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் வீக்கத்தை அளப்பார்கள். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சளியிலும் கிருமி இல்லாமல் இருக்கலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. வலி நிற்கவில்லை என்றால் திரும்பவும் போய்ச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் முன்கூட்டியே தெரியும். தேவைப்பட்டால் ஊசியால் சிறிது எடுத்து, அதில் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் பார்ப்பார்கள்.

முந்திய காலத்தில் பிள்ளைகளை வருடக் கணக்கில் படுக்கையில் கட்டிப்போட்டு வைத்தார்கள். கொரியாவின் மாசானில் 1960களில் தொடங்கிய ஆய்வில், மருந்தைச் சரியாக எடுத்தால் நடமாடிக்கொண்டே குணமாகலாம் என்று தெரிந்தது. 1975இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, குறுகிய கால மருந்துகளாலேயே பெரும்பாலானோர் குணமடைவதைக் காட்டியது. இன்று பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது பன்னிரண்டு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு பத்து மாதம் இரண்டு மருந்து. சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். சிலருக்கு மட்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். வலி போனதும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடியவற்றில் இருந்து பிள்ளையைப் பெரிதும் காக்கும். ஆனாலும் ஊசி போட்டாச்சு, இது வராது என்று இருக்க முடியாது.

அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். கல்முனையிலும் உண்டு, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலும் உண்டு. இங்கிருந்து தோட்டத்துக்குப் போவதானால், அல்லது அங்கிருந்து இங்கே வருவதானால், புறப்படும் முன் சொல்லுங்கள். கடிதம் தந்து அங்குள்ள நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெருநாளுக்குப் போனோம், தீபாவளிக்குப் போனோம் என்று மருந்து அறுந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. "பொம்பளப் புள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேணுமே" என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பில் மட்டும் இருக்கும் காசநோய் அடுத்தவருக்குத் தொற்றாது. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடலாம், விளையாடலாம், ஒரே பாயில் படுக்கலாம். நோயை மறைத்தால் கூனை மறைக்க முடியாமல் போகும்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பென்சிலைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.