பிள்ளைகள் அளந்த தண்ணீர்

(அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்ற மாதம் அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒளுச் செய்யும் இடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வாளியும் அளவுக் குவளையுமாக நின்றார்கள். பள்ளிவாசலில் என்ன விளையாட்டு என்று பெரியவர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். அனுமதி கொடுத்தது நாங்கள்தான். உங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்காதது எங்கள் தவறு.

குழாயைத் திறந்து மூடும்வரை ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வாளியில் பிடித்து அளந்தார்கள். சராசரி பார்த்தது கணக்குப் பாடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்வார்கள் என்ற ஹதீஸை உஸ்தாத் எடுத்துச் சொன்னார். ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லிட்டருக்குள் அடங்கும். நம் குழாயில் விழுந்ததோ ஏழெட்டு லிட்டர்.

அத்தோடு விடவில்லை. பெண் பிள்ளைகள் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக் கிணறுகளைச் சோதித்தார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. கடற்கரைத் தெருவில் அதையும் தாண்டியது. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோறு ஆக்கினார்கள், அது எப்போது கரிக்கத் தொடங்கியது என்று வாப்பும்மாக்களிடம் கேட்டு எழுதியது தமிழ்ப் பாடம். எங்களைக் கேட்டால் அந்தப் பக்கங்கள்தாம் எல்லாவற்றிலும் சிறந்தவை.

ஜும்ஆவுக்குப் பிறகு முற்றத்தில் அட்டைகளை மாட்டினார்கள். ஓர் அட்டையில், கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதப்பதைப் படமாகப் போட்டிருந்தார்கள். நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும் என்பது விதி. நாங்களோ பள்ளிவாசல் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கத் தீர்மானம் போட்டு வைத்திருந்தோம்! போர் போடுகிறவர் இதைச் சொல்லவில்லை; அவர் ஏன் சொல்லப் போகிறார்? தீர்மானத்தை நிறுத்திவிட்டோம். அந்தப் பணத்தில் அழுத்தினால் மட்டும் விழும் குழாய்களும், மாடி மழைநீரைப் பழைய ஹவுளுக்குக் கொண்டுவரும் பைப்பும் போடுகிறோம்.

இதற்கெல்லாம் மார்க் உண்டா என்று கேட்கிறீர்கள். பரீட்சையில் கிடையாது. ஆனால் 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தங்கள் மொழியிலேயே ஆய்வு செய்து அங்கே வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. கிணறுகளைச் சோதித்தது பெண் பிள்ளைகள். அட்டைகளை மாட்டியதோ ஆண்கள் கூடும் முற்றத்தில். அவர்களுடைய உம்மாமார் யாரும் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு காலை பெண்கள் மதரஸாவில் அதே அட்டைகளை வைக்கிறோம், பிள்ளைகளே விளக்குவார்கள்.

கீழத்தெருவில் பாதி வீடுகளில் கதவு திறக்கவில்லை. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகவே கிடக்கிறது. மறுபடி வருவார்கள். ஒரு குவளைத் தண்ணீர்தான் கேட்பார்கள், கொடுத்தனுப்புங்கள்.