மூத்தவர் இருந்த வீடு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் உங்கள் முன் வாசிக்கப்பட்டுவிட்டன. இனி, நம் சமுதாயத்தில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரை நினைவுகூர விழைகிறோம். அவர் பதவியால் பெயர் பெற்றவர் அல்லர். ஆயினும் நீண்ட ஆயுள் என்பது எத்தகைய அருட்கொடை, அதனை எவ்வாறு செலவிட வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்வு நமக்கோர் பாடமாக இருக்கிறது. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்து, 2021 மார்ச் 7ஆம் நாள் தமது 104ஆம் வயதில் வஃபாத்தான மர்ஹூம் ஏ.பி.ஜே. முஹம்மது முத்துமீரா மரைக்காயர் அவர்களே அப்பெரியவர். முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் மூத்த அண்ணன் என்று சொன்னால் அனைவருக்கும் விளங்கும்.

நூற்று நான்கு ஆண்டுகள் என்பது எவ்வளவு நீண்ட காலம்! பாம்பன் இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டோர் ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ஓர் இரயிலையும் கடலுக்குள் இழுத்துச் சென்றபோது அவர் நாற்பத்தைந்தைக் கடந்த குடும்பத் தலைவர். 1988இல் தீவுக்குத் தரைவழிப் பாலம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். இத்தனை மாறுதல்களுக்கு இடையிலும் பள்ளிவாசல் தெருவும் அந்தக் குடும்பமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை.

அக்குடும்பத்தின் பண்பைக் கலாம் அவர்களே தம் நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார். தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்கள் படகு உடைமையாளர். பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்புவது அவருடைய அன்றாட வழக்கம். இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் அவருக்கு உற்ற நண்பர். கோயில் திருக்கல்யாண விழாவில் சுவாமி திருமேனிகளைத் தீர்த்தக் குளத்தின் நடுவே கொண்டு செல்லப் படகு அமைத்துக் கொடுத்ததும் இந்தக் குடும்பமே. அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்வதைப் பேச்சாகக் கேட்டு அறியாமல், கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

சகோதரர்களே! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பொருள்களுக்குப் பங்கீடு இருந்தது. ஒரு நாள் இரவு தாயார் ஆஷியம்மா அவர்கள் சப்பாத்தி சுட்டு இடஇட, சிறுவன் கலாம் உண்டுகொண்டே இருந்தார். பிறகு அண்ணன் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, தாயாரின் பங்கையும் சேர்த்து அல்லவா உண்டுவிட்டாய் என்று கடிந்துகொண்டாராம். உடனே ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டதாகக் கலாம் எழுதுகிறார். ஒரு வீட்டில் அண்ணன் இருக்கிறார் என்பதன் பொருள் இதுதான். பலர் முன்னிலையில் அவமதிக்கவில்லை. ஆனால் சொல்லாமலும் விடவில்லை. பின்னாளில் சென்னையில் பொறியியல் பயிலக் கட்டணம் கட்ட வழியின்றி நின்றபோது, சகோதரி ஜொஹ்ரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்ததும் இதே குடும்பத்தில் நடந்ததே. ஒருவருடைய உயர்வுக்குப் பின்னால் ஒரு வீடு முழுவதும் நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1976இல் தந்தையார் மறைந்தார். அப்போது அவருக்கு 102 வயது என்று கலாம் எழுதியுள்ளார். அதன்பின் குடும்பத்தின் மூத்தவர் என்னும் பொறுப்பு முத்துமீரா மரைக்காயர் அவர்களைச் சேர்ந்தது. தம்பியோ திருமணம் செய்துகொள்ளாமல் அறிவியல் பணியிலேயே வாழ்ந்தவர். அண்ணனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அவருக்கும் குடும்பமாயினர்.

தம்பி நாட்டின் முதல் குடிமகனாக இருந்த காலத்தில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

முதலாவது, ஹஜ் பயணம். 2005 டிசம்பரில், ஏறத்தாழத் தொண்ணூறு வயதில், மகளுடனும் பேரனுடனும் அவர் புனித ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஹஜ் குழுவுக்கு எல்லோரையும் போல விண்ணப்பித்து, குலுக்கல் முறையில் தேர்வாகிச் சென்றார். சவூதியிலிருந்த இந்தியத் தூதர் உதவ முன்வந்து குடியரசுத் தலைவரிடமே கேட்டபோது, சாதாரணக் குடிமகனாகவே சென்றுவர வேண்டும் என்பது அண்ணனின் விருப்பம் என்று கலாம் தெரிவித்துவிட்டார். தைக்காத இரண்டு துணிகளை உடுத்திக்கொண்டால் அரசனும் ஆண்டியும் ஒன்று என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் பள்ளியின் முதல் வரிசையிலும் நிக்காஹ் பந்தியிலும் நமக்கென்று ஓர் இடத்தை எதிர்பார்க்கிறோம். தம்பி குடியரசுத் தலைவராக இருந்தும் அந்தப் பெயரை முன்னே அனுப்பாமல் சென்ற அந்த முதியவரை எண்ணும்போது நமக்கு நாணம் உண்டாக வேண்டும்.

இரண்டாவது, 2006 மே மாதம். அண்ணன் முதல் கைக்குழந்தை வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஒரு வாரம் தங்கினர். அரசு வாகனம் எதனையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. தங்கியதற்கும் உண்டதற்கும் ஆன ஏறத்தாழ 3.52 இலட்சம் ரூபாயைக் கலாம் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார் என்பதை அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் அவர்கள் வெளியிட்டார். பொதுச் சொத்தைத் தொடாத நேர்மையை இதில் எல்லோரும் பாராட்டினர். நாம் இன்னொன்றையும் காண்கிறோம். ஐம்பது பேர் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாகத் தங்கி, ஒன்றாகத் திரும்பும் அளவுக்கு அந்தக் குடும்பம் உறவைத் துண்டிக்காமல் வைத்திருந்தது. நம்மில் எத்தனை வீடுகளில் இன்று அது இயலும்?

2015 ஜூலை 30ஆம் நாள் இராமேசுவரத்தில் தம்பியின் ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டு இளையவரான கடைக்குட்டித் தம்பியை, அண்ணன் இருந்து வழியனுப்ப நேர்ந்தது. நீண்ட ஆயுளின் கசப்பு அது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் அல்லாஹ் அவருக்கு ஆயுளை அளித்தான். கலாம் இல்லத்தைக் காண வந்தோர் பலர் அந்தப் பெரியவருக்கும் ஸலாம் உரைத்துச் சென்றனர்.

அன்பர்களே! இவ்வளவும் கூறியதன் நோக்கம் ஒன்றே. வெளியூர் சென்று உயர்ந்தவர்களை நாம் கொண்டாடுகிறோம்; ஊரில் இருந்து வீட்டையும் உறவையும் காத்தவர்களை மறந்துவிடுகிறோம். நம் மஹல்லாவிலும் பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, முதியவர் மட்டும் விளக்கேற்றி அமர்ந்திருக்கும் வீடுகள் உள்ளன. ஜனாஸாவுக்குத் திரளாகக் கூடும் நாம், அவர் நோயுற்றுக் கிடந்தபோது எத்தனை பேர் போய் நலம் விசாரித்தோம்? இக்குறையில் நிர்வாகக் குழுவினராகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இளைஞர்கள் இருவர் இருவராகச் சென்று, பள்ளிக்கு வர இயலாத மூத்தோரைச் சந்தித்து வர வேண்டும். அவர்கள் கூறும் பழைய செய்திகளை எழுதிக் கொணர்ந்தால் அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். பாகப்பிரிவினையால் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிமார், அடுத்த பெருநாளுக்கு முன் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று ஸலாம் கூற வேண்டும். யார் முதலில் செல்வது என்று கேட்க வேண்டாம்; மூத்தவர் சென்றாலும் அவருடைய தகுதி குறைந்துவிடாது.

மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக! நம் வீடுகளில் உள்ள மூத்தோருக்கு உடல் நலத்தையும், அவர்களைப் பேணும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.