மூக்குச் சொட்டுமருந்துக்குள் இன்னொரு மருந்து

சளி பிடித்தால் மூக்கில் விடுகிறோமே, அந்தச் சொட்டுமருந்துப் புட்டியின் லேபிளைப் படித்ததுண்டா? பொடி எழுத்தில் பென்சல்கோனியம் குளோரைடு என்று பெரும்பாலும் இருக்கும். மூக்கைத் தொட்ட சொட்டுக்குழாய் மறுபடி புட்டிக்குள்தானே போகிறது? கூடவே போகும் கிருமிகளைக் கொல்லத்தான் இது. ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் இதன் திறனை அறிவித்தார்.

சேர்ப்பது சொற்பம், நூற்றில் 0.01, 0.02 பங்கு. ஆனால் மூக்குக்குள் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இந்த ரசாயனம் பட்டதும் அந்த அசைவு தளர்ந்தது. 1990களில் சுவீடனில் நடந்த ஆய்வில், இது கலந்த மூக்கடைப்பு மருந்தை ஒரு மாதம் போட்டவர்களுக்கு, கலக்காததைப் போட்டவர்களைவிட மூக்கின் உட்சவ்வு அதிகம் வீங்கியது. சாதாரண உபயோகத்தில் தீங்கில்லை என்கிற ஆய்வுகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றாகச் சில மருந்துகளில் பொட்டாசியம் சார்பேட் சேர்க்கிறார்கள். அதுவோ அமிலத்தன்மையுள்ள கரைசலில்தான் நன்றாக வேலை செய்யும். எனக்குப் பிடித்த வழி வேறு: உள்ளே போகும் காற்றை வடிகட்டி அனுப்பும் பம்ப் புட்டி. கிருமியே நுழையாததால் கிருமிக்கொல்லி சேர்க்க வேண்டியதில்லை. விலைதான் கொஞ்சம் கூடுதல்.