ஒலிநாடாக்களைப் பேணுதல்

கொட்டகலையில் எம் மாணவி ஒருத்தி, காலஞ்சென்ற தன் பாட்டனார் காமன் கூத்திற் பாடிய பாடல்கள் அடங்கிய ஒலிநாடா ஒன்றை என்னிடம் கொணர்ந்து தந்தாள். லயத்து அடுப்படிப் பரணிலே பல்லாண்டுகள் கிடந்த நாடா அது. ஆவல் மேலீட்டால் அதனை உடனே ஓடவிட்டேன். பூஞ்சணம் படர்ந்திருந்த நாடா, கருவியின் உருளையிற் சிக்கி அறுந்தது; ரதியின் புலம்பலில் ஒரு பகுதி கசங்கிப் போயிற்று. பிழை என்னுடையது. அதனாற் கற்றதையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த இச்சிறு பேழையுள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றரே. மெல்லிய பொலியெஸ்டர் இழையின்மீது காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையாற் படியவைக்கப்பட்டுள்ளன. குரல் குடியிருப்பது அத்துகள்களிலேதான். ஈரமும் வெப்பமும் பசையைக் கெடுக்கும். காந்தமோ குரலையே அழித்துவிடும்.

மழையும் மூடுபனியும் மிகுந்த நம் மலைநாட்டில் முதற்பகை ஈரமே. அடுப்புச் சூட்டில் உலர்ந்திருக்கும் என்றெண்ணிப் பரணில் வைப்போர் உளர். அங்கே புகையும் கரியும் வெப்பமும் சேர்ந்து வேறு கேடு செய்யும். ஆதலின், ஈரச் சுவரை ஒட்டாத அலுமாரியில், உறையிலிட்டு, நிமிர்த்தி வையுங்கள். ஒலிபெருக்கியினருகே வையாதீர்கள்; அதனுள் காந்தம் உண்டு. நாடாவைப் பாதியில் நிறுத்தாது, ஒரு முனைவரை சுற்றி வையுங்கள். பேழையின் முதுகிலுள்ள இரு சிறு தகடுகளையும் ஒடித்துவிட்டால், பழைய பதிவின்மேல் புதியது தவறுதலாக ஏறாது. பூஞ்சணம் கண்ட நாடாவை ஓட்டாதீர்கள். உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, அறிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

எத்துணை பேணினும் நாடா அழியும் பொருளே. ஆகவே, கணினியிற் படியெடுத்து, இரண்டு படிகளை ஈரிடத்தில் வைத்தல் நன்று. பாடியவர் யார், எத்தோட்டம், எவ்வாண்டு என்பவற்றையும் எழுதிவையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005ஆம் ஆண்டு முதல் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்தையும் நாடலாம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின் கடல்கடந்த உறவினர் பேசியனுப்பிய நாடாக்களும் உங்கள் பெட்டிகளில் இருக்கக்கூடும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

எம் மாணவியின் நாடாவை ஒட்டிப் படியெடுத்தோம். எஞ்சிய பாடல்கள் பிழைத்தன. கசங்கிய இடத்தில் இருந்த சொற்கள் எவையென்று கூற, அத்தோட்டத்தில் இன்று ஒருவருமில்லை.