முதல் நாள் பாடம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இயலும் இசையும் நாடகமும் விளங்கும் இவ்விழாவில் கட்டடத் தொழிலாளரின் பயிற்சியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். நம் காலனியை ஒருமுறை சுற்றி வந்தால் அவ்வையம் நீங்கிவிடும். முன்பு ஒற்றை மாடியோடு நின்ற வீடுகள் இடிக்கப்பட்டு, நான்கு மாடிகளாக எழுந்துகொண்டிருக்கின்றன. தெருவுக்கு ஓரிடத்திலேனும் மணல் குவிந்திருக்கிறது, சாரம் நிற்கிறது. டில்லியில் குடியேறிய நாம் ஒவ்வொருவரும் வீடு கட்டியவராகவோ, கட்டப் போகிறவராகவோ, அடுத்த வீட்டுக் கட்டடத்தின் தூசியைப் பொறுத்துக்கொள்பவராகவோ இருக்கிறோம். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியே.

அக்கட்டடங்களில் உழைப்பவர் யாவர்? பீகாரிலிருந்தும், புந்தேல்கண்டிலிருந்தும், வங்கத்து மால்டா மாவட்டத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்தவர்கள். காலை எட்டு மணிக்கு லேபர் சவுக்கில் நிற்கும் இளைஞன் ஒன்பது மணிக்கு நான்காம் மாடிச் சாரத்தின்மேல் நிற்கிறான். சென்ற மாதம்வரை அவன் ஏர் பிடித்தவனாக இருக்கக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்குக் கூலி பேசப்பட்டது. தலையில் பாண்டு ஏற்றப்பட்டது. இன்ன இடத்தில் கால் வைக்காதே என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

கட்டடத் தொழில் நம் நாட்டில் பார்த்துப் பழகும் தொழில். சித்தாளாக வந்தவன் பெரியாளாகி, கரணை பிடித்துக் கொத்தனாராகி, பின்னர் மேஸ்திரியாகிறான். கைத்திறனைப் பொறுத்தவரையில் இம்முறையைக் குறைகூற இயலாது. செங்கல் வரிசை கோணினால் பிரித்து மீண்டும் கட்டலாம். பூச்சுச் சரியில்லையென்றால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். தவறும் ஆசிரியனாகிறது. ஆனால் உயரமும் ஆழமும் மின்சாரமும் அவ்வாறு பொறுத்துக் கற்பிப்பன அல்ல. அங்கே முதல் தவறே இறுதித் தவறாகிவிடுகிறது. ஆதலின், திறமையைப் பல மாதங்களில் கற்கலாம். பாதுகாப்பை முதல் நாளே, சாரத்தில் ஏறுமுன்னரே கற்பித்தாக வேண்டும். இந்த ஒன்றை வலியுறுத்தவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

அந்த முதல் பாடத்தில் கற்பிக்க வேண்டியவை பலவல்ல. ஏணியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி ஊன்றுவது? நான்கடி உயரத்திற்கு ஓரடி என்பது கணக்கு. ஏறிச் சேரும் தளத்திற்கு மேலும் ஒரு மீட்டர் ஏணி நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பற்றிக்கொள்ளப் பிடி கிடைக்கும். சாரத்துப் பலகைகளுக்கிடையே சந்து இருத்தலாகாது. விளிம்பில் தடுப்புக் கம்பு வேண்டும். கடைக்கால் குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்கலாகாது. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது. அது மார்பளவு சரிந்தாலே மூச்சுவிட முடியாது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பிளக் இல்லாமல் வயரின் முனைகளைத் தீக்குச்சியால் செருகி எந்திரத்தை ஓட்டும் காட்சியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். நம் தெருக்களில் கம்பங்களிடையே தாழத் தொங்கும் கம்பிகளில், மேலே தூக்கப்படும் நீண்ட இரும்புக் கம்பி உரசிவிடுவதும் உண்டு. ஈரச் சிமெண்டு காரத்தன்மை மிக்கது; வெறுங்காலோடு அதில் நாள் முழுவதும் நின்றால் தோல் வெந்துபோகும் என்பதைப் புதியவன் அறியான். கல்லையும் ஓட்டையும் நீர் தெளிக்காமல் அறுக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமல் காப்பதற்கு ஒரு குழாய்த் தண்ணீர் பெரிதும் உதவும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கற்பிக்க வேண்டியது ஒன்றுண்டு. “இது ஆபத்து, சரிசெய்த பிறகே ஏறுவேன்” என்று சொல்லலாம், சொன்னால் கூலி போகாது என்னும் உறுதியே அது. அவ்வுறுதி இல்லாத இடத்தில் தலைக்கவசம் தந்தும் பெரும் பயனில்லை.

பாதுகாப்பும் தொழில்திறனும் வெவ்வேறல்ல என்பதைக் கட்டடப் பணியிலே பல்லாண்டு கழித்த எங்களைப் போன்றோர் நன்கறிவோம். செங்கற்சுவரை ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் எழுப்பலாகாது என்பது தொழில் விதி. கலவை இறுகுமுன் பாரம் ஏறினால் சுவர் சாயும். சாய்ந்தால் அருகே நிற்பவன்மேல் விழும். இந்தியத் தர நிர்ணயத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்னும், அதனினும் அகன்ற தளத்தில் 14 நாட்களுக்கு முன்னும் எடுக்கலாகாது என்கிறது. ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரங்களுக்கு 21 நாட்கள் வேண்டும். சென்ட்ரிங் பலகை அடுத்த கட்டடத்துக்குத் தேவைப்படுகிறதென்று அவசரமாகப் பிரிப்பவன் வேலையையும் கெடுக்கிறான். உயிரையும் பணயம் வைக்கிறான். நல்ல கொத்தனார் என்பவர் பெரும்பாலும் பத்திரமான கொத்தனாராகவும் இருப்பதன் காரணம் இதுவே.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் நம் கடமை. பயிற்சி என்ற பெயரால் பழியைத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிடலாகாது. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அங்கே தவறியது கூலியாளின் கை அன்று. கட்டட அமைப்பும் மேற்பார்வையுமே. மேலே இருப்போர் தம் கடமையைச் செய்யாதபோது கீழே இருப்பவனின் கல்வி அவனைக் காக்காது. எனவே முதல் நாள் பாடம் ஒப்பந்தக்காரருக்கும், வீட்டுச் சொந்தக்காரராகிய நமக்கும் சேர்த்தே உரியது.

அப்பாடம் எம்மொழியில் நிகழ வேண்டும்? சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கட்டட வேலைக்குச் செல்லும் அயல்நாட்டார் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் தேறியாக வேண்டும். தேறாதவருக்கு வேலை அனுமதி இல்லை. அப்பயிற்சி தமிழிலும் நடைபெறுகிறது. புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ சென்ற இளைஞன், கயிற்றை எங்கே மாட்டுவது என்பதைத் தன் தாய்மொழியில் கேட்டுக்கொள்கிறான். நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டில் கிடைக்கும் இந்நன்மையை, நம் தெருவில் உழைக்கும் பிறர் பிள்ளைகளுக்கு நாம் செய்தல் முறையன்றோ? ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தொங்கவிடும் எச்சரிக்கைப் பலகை எழுத்தறியாதவனுக்கு வெறுந்தகரமே. இந்தியில், முடியுமாயின் மைதிலியிலும் வங்காளியிலும், ஏணியையும் கயிற்றையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும்.

“ஒரு நாள் கூலிக்கு வருபவனுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியா? நாளை அவன் வேறிடம் போய்விடுவானே!” என்பர் சிலர். போகட்டும்; கற்றதும் அவனோடு போகும். இன்று நாம் கற்பித்தவன் நாளை அயலார் வீட்டில் பத்திரமாக வேலை செய்வான். அயலார் கற்பித்தவன் நம் வீட்டிற்கு வருவான்.

அரசினரும் சும்மா இருக்கவில்லை. 1996ஆம் ஆண்டில் கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டமும், கட்டடச் செலவில் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல் தீர்வை பெறும் சட்டமும் பிறந்தன. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களில் அவை இணைக்கப்பட்டன. 18 முதல் 60 வயது வரையுள்ள தொழிலாளி, ஆண்டில் 90 நாட்கள் கட்டட வேலை செய்திருந்தால் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். பதிவின் பயனை டில்லியிலேயே கண்டோம். 2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காற்று மாசினால் கட்டட வேலைகள் நிறுத்தப்பட்டபோது, பதிவு பெற்றோர்க்கு 5,000 ரூபாய் உதவியை டில்லி அரசு அறிவித்தது. பதியாதவர்க்கு வேலையும் இல்லை, உதவியும் இல்லை.

திறன் பயிற்சியிலும் நல்ல முயற்சிகள் உள. ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் 45 நாள் கொத்தனார் பயிற்சி நடைபெறுகிறது. பயில்வோர் ஏழை ஒருவருக்கான உண்மை வீட்டையே கட்டிக் கற்கின்றனர். ஜார்க்கண்டில் பயிற்சி பெற்ற பெண் கொத்தனார்களை ‘ராணி மிஸ்திரி’ என்று அழைக்கின்றனர். ராஜமிஸ்திரி என்ற பழஞ்சொல்லுக்கு ஈடாகப் பிறந்த அப்பெயர் எத்துணை அழகியது! நம் நாட்டில் ஆண் சித்தாள் கொத்தனாராக உயர்கிறான். பெண் சித்தாளோ முப்பது ஆண்டு மண் சுமந்தாலும் சித்தாளாகவே முதுமையடைகிறாள். கரணை அவள் கைக்கு வராதது திறமைக் குறைவினால் அன்று; எவரும் கொடுக்காமையினால்.

டில்லி மாநகர் இவ்வகையில் வழிகாட்டிய வரலாறும் உண்டு. 1969இல் ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்தபோது, புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் அம்மையார் நடமாடும் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். 1982இல் ஆசிய விளையாட்டுப் பணிகள் பற்றிய வழக்கில், கட்டட வேலை ஆபத்தான வேலையே. ஆதலின் 14 வயது நிரம்பாதவரை அதில் அமர்த்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் கண்டு இரங்கியதும், சிலர் வழக்காடியதும் நாட்டுக்கே நன்மையாயின.

நம் சங்கம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று: வீடு கட்டும் உறுப்பினர் ஒவ்வொருவரும், புதிய ஆளுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம், கூலியோடு, பாதுகாப்புப் பாடம் நடத்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல். இரண்டு: நம்மிடையே ஓய்வு பெற்ற பொறியாளர் பலர் உளர், மாதத்தில் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்துத் தொழிலாளர்க்கு இந்தியில் செய்முறையோடு கற்பித்தல். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிக்கும் முறையையும் அங்கேயே காட்டலாம். மூன்று: நல வாரியப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருதல். இதனை நம் கல்லூரி மாணவர் ஏற்கலாம்.

புதுமனை புகும் நாளில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டியும் தாம்பூலமும் வைத்து வணங்கிக் கொடுப்பது நம் குடும்பங்களின் வழக்கம். வந்த ஊரிலும் அதை நாம் விட்டுவிடவில்லை. அவ்வேட்டியைப் பெற்றுக்கொள்ள வேலை தொடங்கிய அத்தனை பேரும் நலமாக வந்து நிற்க வேண்டும். அதற்குரிய ஏற்பாட்டைப் பூமி பூசையன்றே தொடங்குமாறு, இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.